காலிப்பர் பிடித்துக்கொண்டால்: கண்டுபிடிப்பது முதல் காசு வாங்குவது வரை

திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. கடற்காற்று மேலே பெயிண்டைத் தொடுவதற்கு முன்னால் அடியில் இருக்கும் இரும்பை அரித்துவிடும். திசையன்விளைப் பக்கம் தேரி மண் பொடிப்பொடியாக வீலுக்குள் போய் உட்காரும். துபாயிலும் சவூதியிலும் இருக்கிறவர்களின் கார்கள் தார்ப்பாய் போர்த்தி மாதக்கணக்கில் வாசலில் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. இவை எல்லாமே பிரேக் காலிப்பர் பிடித்துக்கொள்வதில் போய் முடியலாம். காலிப்பர் என்பது வீலோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடு வைத்துக் கவ்வி நிறுத்தும் பாகம்; பெடலை விட்டபிறகும் அது விடாமல் கவ்விக்கொண்டிருப்பதைத்தான் பிடித்துக்கொள்வது என்கிறோம்.

பழுதைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை, எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் அரை நாள் வேலை. காசைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். எதனால் பிடித்தது என்ற காரணத்தை வைத்துத்தான் யார் பணம் தருவது என்பது முடிவாகும். அந்தக் காரணத்தின் தடயமோ காலிப்பரைக் கழற்றிக் கழுவிய நிமிடத்தில் போய்விடும். ஆகவே ஸ்பேனர் வைப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில், உண்மையிலேயே காலிப்பர்தானா?

வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். மைலேஜ் காரணமில்லாமல் குறையும். சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் உருளாமல் சட்டென்று நிற்கும். ஒரு வீலின் ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அப்பியிருக்கும். கொஞ்சம் முற்றினால் கருகிய வாடை வரும், டிஸ்க் நீலம் பாரித்துப்போகும்.

எளிய சோதனை: நான்குவழிச் சாலையில் நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் வரை பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, நான்கு வீல் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவேண்டாம், சூடு காற்றிலேயே தெரியும். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான். மாஞ்சோலை மலையிலிருந்து இறங்கிவந்து மணிமுத்தாறில் நிறுத்தி இதே சோதனையைச் செய்தால் முன்வீல் இரண்டுமே கொதிக்கும். அது இறக்கத்தில் பிரேக் போட்ட சூடு, பழுதில்லை. இடம் வலம் வித்தியாசத்தைத்தான் பார்க்கவேண்டும்.

வழியில் இப்படிப் பிடித்துவிட்டால் "மெதுவா உருட்டி வீட்டுக்குப் போயிரலாம்" என்று நினைக்காதீர்கள். பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவுகோலே 140, 155 என்று இறங்கிவிடுகிறது. பிடித்த வீலின் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும், பிரேக் இருக்காது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, நெளியவோ விரிசல் விடவோ செய்யும். ஆறவிட்டு, முடிந்தால் டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். இன்சூரன்ஸிலோ கம்பெனியிலோ ரோட் சைட் அசிஸ்டன்ஸ் இருந்தால் அதில்தான் கூப்பிட வேண்டும். எந்த நாள், எந்த இடம், என்ன பழுது என்று அவர்கள் பதிவு செய்வது பின்னால் உங்களுக்கு ஆதாரமாக நிற்கும்.

எது பிடித்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது

பொதுவாக மெக்கானிக்குகள் "காலிப்பர் ஜாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதற்குள் நான்கு வேறு வேறு பழுதுகள் இருக்கின்றன: காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் பின் (ஸ்லைடு பின் என்ற வழுக்கும் ஆணி) வறண்டு இறுகுவது, பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே திரும்பாமல் நிற்பது, காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உரிந்து ஆயிலைத் திரும்பிப் போகவிடாமல் தடுப்பது, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரே அழுத்தத்தை விடாமல் வைத்திருப்பது. முதல் இரண்டுக்கும் காலிப்பரில் வேலை. பின்னது இரண்டுக்கும் காலிப்பரை மாற்றினால் காசுதான் போகும், ஒரு மாதத்தில் பழுது திரும்ப வரும்.

சமதளத்தில் நிறுத்தி, மற்ற வீல்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எதையும் செய்யவேண்டாம். பிரேக்கை நாலைந்து முறை மிதித்து விட்டுவிட்டு வீலைச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருக்கிறதா? சரி, இப்போது காலிப்பருக்குப் பின்பக்கம் இருக்கும் நிப்பிளை, அதாவது ஏர் எடுக்கும் திருகை, கால் சுற்று லூஸ் செய்யச் சொல்லுங்கள். ஆயில் பீச்சியடித்து வீல் விடுபட்டால், அழுத்தம் உள்ளேயே மாட்டியிருக்கிறது என்று பொருள். குற்றம் ஹோஸிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ. நிப்பிளைத் திறந்தும் வீல் அசையவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ.

ஹோஸா மாஸ்டர் சிலிண்டரா என்பதற்கு இன்னொரு படி. நிப்பிளை மூடி, மறுபடி மிதித்துப் பிடிக்கவைத்து, இந்த முறை ஹோஸ் போய் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தை லூஸ் செய்யவேண்டும். அங்கே திறந்து விடுபட்டால் பழுது மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கே திறந்தும் விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ்தான். முன்வீல் இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால் முதல் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேலும் பெடல் ராடு மேலும் போகவேண்டும். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், பெயிண்டை உரித்துவிடும். நிப்பிளையோ ஜாயிண்டையோ திறந்தபின், ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றாமல், அதாவது ஏர் எடுக்காமல், வண்டியை நகர்த்தவே கூடாது.

பேடுகளும் கதை சொல்லும். ஒரே பேடு மேலே தடிமனாகவும் கீழே மெலிந்தும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கிறது. பிஸ்டன் பக்கத்துப் பேடு தகடுவரை தேய்ந்து, வெளிப்பேடு புதிதுபோல இருந்தால் பின்னோ பிஸ்டனோ, இரண்டில் ஒன்று. காலிப்பரைக் கையால் பிடித்து அசைத்தால் எது என்று தெரிந்துவிடும். இரண்டு பேடும் ஒரே அளவு தேய்ந்து, எதிர்ப்பக்க வீலில் பேடு நன்றாக இருந்தால் ஹோஸைச் சந்தேகப்படலாம். ஹோஸ் வெளியே பளபளவென்றுதான் இருக்கும், பார்த்து ஏமாறவேண்டாம்.

பைக் டிஸ்க்குக்கும் இதே கணக்குதான். அங்கே பெரும்பாலும் பின் வறட்சியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன்

வண்டியை யாரிடம் கொடுத்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிலோமீட்டர் தெரிகிற மாதிரி மீட்டரை ஒரு படம், நம்பர் பிளேட்டோடு அந்த வீலை ஒரு படம், வீல் சுற்றாமல் இறுகி நிற்பதை ஒரு வீடியோ. கழற்றும்போது பின், அதன் ரப்பர், பிஸ்டனின் தூசி ரப்பர், பேடு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். கழுவிய பிறகு எடுத்த படத்தால் எந்தப் பயனும் இல்லை.

அடுத்தது ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது பழுதையும் வேலையையும் எழுதும் சீட்டு. "பிரேக் செக்" என்று மட்டும் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள். "முன் இடது காலிப்பர் பிஸ்டன் திரும்பவில்லை, நிப்பிள் திறந்தும் வீல் விடவில்லை, தூசி ரப்பர் கிழியவில்லை" என்று கண்டதைக் கண்டபடி எழுதவைக்கவேண்டும். இந்தக் கடைசி வரி முக்கியம். தூசி ரப்பர் முழுசாக இருந்தும் உள்ளே பிஸ்டன் துருப்பிடித்திருந்தால், வெளியிலிருந்து தண்ணீர் போனது என்று சொல்ல அவர்களுக்கு வழி குறையும்.

கவுண்டரில் பேச்சு இப்படித்தான் போகும்:

"சார், இது வேர் அண்ட் டேர். வாரண்டில வராது."

"பேடு தேயுற சாமான், ஒத்துக்கிடுதேன் தம்பி. பிஸ்டனும் தேயுற சாமானா? வாரண்டி புக்குல எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு காட்டுங்க. இல்லன்னா வராதுன்னு ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க."

வாயால் "வராது" என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். எழுதித்தரச் சொன்னால் பாதிப்பேர் "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று உள்ளே போவார்கள்.

பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். வாரண்டியில் மாற்றினால் கம்பெனி அதை எடுத்துக்கொள்ளும், அதனால்தான் படம் முன்கூட்டியே வேண்டும். காசு கொடுத்து மாற்றினால் அந்தப் பாகம் உங்களுடையது. சாக்கில் போட்டுக் கட்டி, பில் எண்ணை எழுதி வையுங்கள்.

வேலை எப்படி நடக்கவேண்டும்

பின் மட்டும் இறுகியிருந்தால் கழற்றி, துருவை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனரில் கழுவி, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் போட்டு மாட்டினால் போதும். பின்னில் பள்ளம் விழுந்திருந்தால் புதுப் பின். சாதா வீல் பேரிங் கிரீஸ், எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் அந்த ரப்பர் பக்கம் வரவே கூடாது. பிரேக் ரப்பர் பெட்ரோலியச் சரக்கு பட்டால் ஊதிப்போகும், ஊதிய ரப்பர் பின்னைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ரோட்டோரக் கடைகளில் பாதிப் பழுது இப்படி மண்ணெண்ணெயில் கழுவி உண்டானதுதான் என்பது என் எண்ணம். கழுவும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று மோந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வேண்டாம், கிளீனர் நான் வாங்கியாரேன்" என்று சொல்லத் தயங்கவேண்டாம்.

பிஸ்டன் என்றால் அதை வெளியே எடுக்கவேண்டும். பிரேக் பெடலை மெதுவாக மிதித்துத் தள்ளுவதுதான் பாதுகாப்பு. கம்ப்ரஸர் காற்றைப் பிடித்தால் பிஸ்டன் குண்டுபோலத் தெறிக்கும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கிவிடும். பிஸ்டனின் வழவழப்பான பக்கத்தில் அரிப்புப் பள்ளம் இல்லையென்றால் காலிப்பர் கிட், அதாவது சீலும் தூசி ரப்பரும், மாற்றினால் போதும். கிட் சில நூறு ரூபாயில் முடியும், முழுக் காலிப்பர் சில ஆயிரம். பள்ளம் இருந்தால் உப்புத்தாள் போட்டு ஏய்க்காமல் மாற்றிவிடுங்கள்.

கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டவேண்டும். பேடு எப்போதும் இடம் வலம் ஜோடியாக. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்; அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கொடுப்பதில் அர்த்தமில்லை. பின்வீலிலும் டிஸ்க் உள்ள சில கார்களில் பிஸ்டனைச் சுற்றிச் சுற்றித்தான் உள்ளே தள்ளமுடியும், சி-கிளாம்ப் போட்டு அமுக்கினால் உடைந்துவிடும். பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் ஸ்கேனர் வைத்து சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோன பிறகே கைவைக்கவேண்டும்.

கடைசியில் ஏர் எடுத்து, பழைய ஆயிலை முழுதும் தள்ளிவிட்டுப் புது ஆயில். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். ஊருக்கு வராத சொந்தக்காரர் காரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வாரம் ஒருமுறை நாலு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை மிதித்து நிறுத்தினாலே பாதிப் பழுது வராது. வெறுமனே ஸ்டார்ட் பண்ணி அணைத்தால் பேட்டரிதான் வீணாகும்.

காசு யார் தருவது

வாரண்டி உள்ளிருந்து வரும் குறைக்கு: மோசமான சீல், சரியாகப் பூசாத பிஸ்டன், தரமில்லாத பாகம். இன்சூரன்ஸ் வெளியிலிருந்து வந்த சேதத்துக்கு: விபத்து, வெள்ளம், புயல். ஒரே பழுதுக்கு இரண்டு பக்கமும் கேட்கமுடியாது. சர்வீஸ் சென்டரில் "கம்பெனிக் குறை" என்றும் இன்சூரன்ஸில் "வெள்ளம்" என்றும் எழுதிக்கொடுத்தால் இரண்டும் போய்விடும். கண்டுபிடித்த காரணத்தை வைத்து ஒரு கதவை மட்டும் தட்டுங்கள். பொய் சொல்லிப் பயனில்லை, தண்ணீர் நின்ற மட்டத்தில் சேறு படிந்த அடையாளத்தை, இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

வாரண்டி காலத்துக்குள் என்றால், வாரண்டி புத்தகத்தில் விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். பேடும் டிஸ்க்கும் பெரும்பாலும் விலக்கு. காலிப்பர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் உங்கள் பக்கம் பலம். சர்வீஸ் எல்லாம் காலத்தில் செய்ததற்கான பில்களைக் கையோடு கொண்டுபோங்கள். வாரண்டி முடிந்து கொஞ்சநாள்தான் ஆகிறது என்றால் "குட்வில்" என்று கேட்டுப் பாருங்கள். டீலர் மறுத்தாலும் கம்பெனிக்கு நேராக எழுதினால் பாகத்தின் விலையில் ஒரு பங்கை ஏற்பதுண்டு. உரிமையாகக் கேட்கமுடியாது, ஆனால் எழுதாதவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

இன்சூரன்ஸில் தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது. முழுப் பாலிசியிலும் தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக் டவுனும் விலக்கு. ஆகவே துருப்பிடித்து இறுகிய காலிப்பர் தனியாக வராது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பகுதியாக வரும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எஞ்சினும் சீட்டும் நனைந்ததை மட்டும் எஸ்டிமேட்டில் போட்டு, பிரேக்கை விட்டுவிடுவார்கள். காலிப்பருக்குள் போன சேற்றுத் தண்ணீர் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அப்போது போனால் "தேய்மானம்" என்று ஒரே சொல்லில் மூடிவிடுவார்கள். மூழ்கிய வண்டி என்றால் முதல் எஸ்டிமேட்டிலேயே நான்கு வீல் பிரேக்கும் கழற்றிப் பார்ப்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு கூடுதல் சேதம் தெரிந்தால் துணை எஸ்டிமேட் போட்டு, சர்வேயர் மறுபடி பார்க்கும்வரை பாகத்தை மாற்றவிடாதீர்கள்.

கணக்கையும் போட்டுவிடுங்கள். நான்கு வருடம் தாண்டி, ஐந்து முடியாத கார் என்றால் இரும்புப் பாகத்துக்கு 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பருக்கு எந்த வயதிலும் 50. ஆறாயிரம் ரூபாய் காலிப்பருக்கு 3,900 ஆகும், அதில் 1500 சிசி வரையுள்ள காருக்கு கட்டாயக் கழிவு ஆயிரம் போனால் 2,900. அதே நேரம் உங்களுக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) இருந்தால் அது அடுத்த வருடம் பூஜ்ஜியமாகிவிடும். விபத்தில் காலிப்பர் மட்டும் அடிபட்டது போன்ற சின்னச் செலவுக்குக் கிளெய்ம் போடாமல் இருப்பதே லாபம். பாலிசியில் ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பு இருந்தால் தேய்மானம் கழியாது, கன்ஸ்யூமபிள்ஸ் சேர்த்திருந்தால் ஆயிலும் கிரீஸும் கூட வரும்; அப்போதும் போனஸ் கணக்கு மாறாது.

போன முறை பிரேக் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் தவறு என்றால், ஊதிய ரப்பரே சாட்சி. பில்லும் வேண்டும். பில் இல்லாத வேலைக்கு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிற்கமுடியாது. ஜிஎஸ்டி மிச்சம் என்று துண்டுச்சீட்டு வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கவேண்டும்.

ஒரே மாடலில் பலருக்கும் இந்தப் பழுது வருகிறது என்று கேள்விப்பட்டால், சேஸிஸ் எண்ணைப் போட்டு கம்பெனி இணையதளத்தில் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இலவசம். இல்லையென்றால், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110ஏ பிரிவின்படி, ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியின் குறையை அரசின் வாகன் இணையதளத்தில் பதிவு செய்யலாம். உங்கள் ஒருவருக்குக் காசு உடனே வராது, ஆனாலும் புகார் எண்ணிக்கையில் சேரும்.

மறுத்துவிட்டால்

போனில் சண்டை போடாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம், இந்த அளவு போதும்:

"எனது வண்டி எண் ____, சேஸிஸ் எண் ____. வாங்கிய நாள் ____, ஓடிய தூரம் ____ கி.மீ. ____ அன்று முன் இடது காலிப்பர் பிஸ்டன் இறுகி வீல் சுற்றவில்லை. தூசி ரப்பர் கிழியவில்லை; படமும் வீடியோவும் இணைத்துள்ளேன். எல்லா சர்வீஸும் காலத்தில் செய்த பில்கள் இணைப்பில். வாரண்டியில் மாற்றித்தர மறுத்ததற்கான காரணத்தை, வாரண்டிப் புத்தகத்தின் விதி எண்ணுடன் 15 நாளுக்குள் எழுத்தில் தரவும். நான் செலுத்திய ____ ரூபாயைத் திருப்பித்தரவும்."

பதில் சரியில்லையென்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். நிறையப் புகார்கள் இந்தப் படியிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் அது டீலரைத் தாண்டிக் கம்பெனிக்குப் போகிறது.

இன்சூரன்ஸ் என்றால் பாதை வேறு. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைகேள் அதிகாரி) போகலாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை கேட்கலாம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம்.

மற்றவற்றுக்குத் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டியைச் சென்னையிலோ மதுரையிலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். வாங்கிய பொருள் அல்லது சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. ஒர்க்‌ஷாப் வேலைமீது வழக்கு என்றால் வேலைக்குக் கொடுத்த தொகை, வண்டியின் உற்பத்திக் குறை என்றால் வண்டியின் விலை. எதன்மேல் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இது மாறும். வாடகைக்கு ஓட்டும் ஒற்றை டாக்ஸிக்காரரும், பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறார் என்று காட்டினால் நுகர்வோர்தான். "மஞ்சள் போர்டு, உனக்கு உரிமையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

போகும்போது ஆர்சி, வாங்கிய பில், சர்வீஸ் பில்கள், ஜாப் கார்டு, படங்கள், மின்னஞ்சல் நகல்கள், 1915 புகார் எண் இவற்றை நாள் வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். சாக்கில் கட்டிவைத்த பழைய காலிப்பரை வழக்கு முடியும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். குறை என்ன என்று தெரிய ஆணையம் அதைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம்.